தீ வைத்த கை எது?

ஊருக்குள் ஒருவன் வைக்கோற்போரைக் கொளுத்திவிட்டால், “யார் வைத்த தீ?” என்று கேட்கிறார்கள். காடே கொளுத்தப்பட்டு, அதன் புகை கடல் கடந்து அண்டை நாடுகளின் வானை மூடினாலோ, “எந்தத் திசைக் காற்று கொண்டுவந்தது?” என்று கேட்கிறார்கள்! குற்றவாளியைத் தேடவேண்டிய இடத்தில் திசைகாட்டியைத் தேடும் இந்த நியாயத்தைச் சற்றே ஆராய்வோம்.

இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் களிமந்தானிலும் தீ மூள்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் மூச்சுத் திணறுகின்றன. 1997இல் கண்டோம், 2013இல் கண்டோம், 2015இல் கண்டோம், 2019இலும் கண்டோம். 2015இல் மட்டும் எரிந்த நிலம் 26 லட்சம் எக்டர் என்றும், இந்தோனேசியாவுக்கு நேர்ந்த இழப்பு ஏறத்தாழ 1,600 கோடி டாலர் என்றும் உலக வங்கி கணக்கிட்டது. இதற்குப் ‘புகைமூட்டப் பருவம்’ என்று பெயர். பருவமாம்! மழைப் பருவம் போல, மாம்பழப் பருவம் போல, இதுவும் ஒரு பருவமாம்!

“எல் நினோ வந்தது, வறட்சி வந்தது, தீ வந்தது” என்பர் சிலர். எல் நினோ மழையைக் குறைக்கும்; மறுக்கவில்லை. வறட்சி விறகைக் காயவைக்கும், தீக்குச்சியைக் கிழிக்காது. அன்று ‘விதி’ என்று சொல்லி வாயை அடைத்தனர். இன்று ‘இயற்கை’ என்று சொல்லி அடைக்கின்றனர். சொல் புதிது, சூது பழையது.

அந்நிலத்தின் இயல்பைப் பாருங்கள். சதுப்புக் காட்டில் விழுந்த மரமும் இலையும் நீரில் மூழ்கி, மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து கிடக்கின்றன. முற்றா நிலக்கரி என்பர் அதை. நீர் நிற்கும்வரை அது எளிதில் எரியாது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால், மண்ணே விறகாகிவிடும். பிறகு பற்றும் தீ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பெருமழை வந்தால்தான் அடங்கும்.

கால்வாயை வெட்டியது இயற்கையா? 1995இல் சுகார்த்தோவின் அரசு, மத்திய களிமந்தானின் 10 லட்சம் எக்டர் நிலத்தை நெல் வயலாக்கப் போவதாக முழங்கியது. காட்டை அழித்தனர், கால்வாய்களை வெட்டினர், சதுப்பை வடித்தனர். நெல் விளையவில்லை. 1997இல் நெருப்புத்தான் விளைந்தது!

“ஏழை உழவனும் தீ வைக்கிறானே” என்று கேட்கலாம். வைக்கிறான். தலைமுறை தலைமுறையாகச் சிறு காணியை எரித்து, அந்தச் சாம்பலில் விதைத்த குடிகள் அங்கே உண்டு. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூர் மரபுப்படி ஒரு குடும்பம் 2 எக்டர் வரை எரிக்க இடந்தருகிறது. அவன் கையில் இருப்பது தீக்குச்சி ஒன்றே. புல்டோசர் வாங்கும் பொருள்வளம் படைத்தவனோ, செலவு மிச்சம் என்பதற்காக நெருப்பை நாடுகிறான். இருவர் கையிலும் இருப்பது தீதான். இருவரின் பொறுப்பும் ஒன்றாகுமா? வேறு வழி இருந்தும் தீயை நாடியவனே பெருங்குற்றவாளி என்போம்.

இன்னொரு வேடிக்கை கேளீர்! அங்குள்ள எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் பலவற்றில் மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளின் பணமும் புரள்கிறது. இலாபம் கப்பலில் வருகிறது. புகை காற்றில் வருகிறது. இலாபம் சிலருக்கு, புகை எல்லோருக்கும்!

எல்லை தாண்டும் புகையைத் தடுக்க 2002இல் ஆசியான் நாடுகள் உடன்படிக்கை செய்தன. தீ மூளும் நாடான இந்தோனேசியா அதை ஏற்க 2014 வரை காத்திருந்தது. அதே 2014இல் சிங்கப்பூர், அயல்நாட்டில் தீ மூட்டிப் புகையனுப்பும் நிறுவனங்களையும் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. புகைக்கு எல்லை இல்லையெனில் பொறுப்புக்கும் எல்லை இல்லை என்ற அந்தக் கொள்கையை வரவேற்கிறோம்.

அக்கொள்கையை நம் வாசலுக்கும் கொணர்வோம். உலகில் பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளில் இந்தியா முன்னணியில் நிற்கிறது. நியாயவிலைக் கடையில் அது ஏழையின் அடுப்புக்கு வருகிறது. அந்த ஏழைத் தாயைக் குற்றஞ்சாட்டுவது அறமன்று. ஆனால், கப்பல் கப்பலாய் வாங்கும் வணிகரும் அரசும், “இது எந்த மண்ணில் விளைந்தது? அந்த மண் எவ்வாறு திருத்தப்பட்டது?” என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அவர்கள் கேட்கமாட்டார்கள், நாம் கேட்கவைக்கும் வரை. ஆகவே, தோழர்களே, புகையைக் கண்டு வானத்தை நோக்கவேண்டாம், மண்ணை நோக்குங்கள். அங்கே ஒரு கால்வாய் இருக்கும். அதை வெட்டிய ஒரு கை இருக்கும். அந்தக் கைக்குக் கூலி கொடுத்த ஒரு பணப்பெட்டி இருக்கும். அதன் பெயரைக் கேளுங்கள்!