உரோமம் களையாத தோல்

தோல் பதனிடும் தொழிலில் முதற்கண் செய்யும் வேலைகளுள் ஒன்று உரோமத்தைக் களைவது. சுண்ணாம்பு நீரில் சில நாள்கள் ஊறிய தோலில் உரோமத்தின் வேர் இளகிவிடும். பிறகு மழுங்கிய கத்தியால் அதை வழித்தெடுத்துவிடலாம். அதன்பின் அந்தத் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ ஊறி, சாயமும் மெருகும் ஏறி, செருப்பாகவும் இடைவாராகவும் பணப்பையாகவும் கடைக்கு வந்து சேர்கிறது. அது வெள்ளாடா, செம்மறியா, எருமையா, பசுவா என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. கேட்டாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்வது எல்லாருக்கும் இயலாது. உயிராய் இருந்த ஒன்று வெறும் பொருளாய் மாறுவது சுண்ணாம்புத் தொட்டியில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் உரோமத்தைக் களையாமல், தம் வீட்டிலேயே, தம் கையாலேயே தோலைப் பதனிடுவோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். குளிர் நாடுகளில் நாலைந்து செம்மறிகளை வளர்த்து அவற்றையே உணவாகக் கொள்வோர், முயல் வளர்ப்போர், வேட்டையை நம்பி வாழும் வடதுருவ மக்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். கொன்று உண்ட உயிரின் தோலை, அதன் நிறத்தோடும் புள்ளிகளோடும் அப்படியே பேணித் தம் படுக்கையில் விரித்துக்கொள்கிறார்கள். இது அந்த உயிருக்குச் செய்யும் மரியாதையா, அன்றி இறந்த பின்னும் தொடரும் அவமதிப்பா? இக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

எண்ணுவதற்கு முன் அந்த வேலை எத்தகையது என்று அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அறம் பேசுகிற நாம் பல நேரங்களில் வேலையை அறியாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். உரித்த தோலின் சூடு தணிந்ததும் அதன் உட்புறம் முழுவதும் உப்பைத் தேய்க்க வேண்டும். தோலின் எடைக்கு ஏறத்தாழ நிகரான எடையில் உப்பு வேண்டியிருக்கும். காலம் தாழ்த்தினால் நுண்ணுயிரிகள் உரோமத்தின் வேர்வரை சென்றுவிடும். பிறகு தடவும்போது உரோமம் கொத்துக் கொத்தாய்க் கையோடு வரும். அதன்பின் ஒரு கட்டையின்மேல் தோலைப் போர்த்தி, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் வழிக்க வேண்டும். அழுத்தி வழித்தால் தோல் கிழியும். அல்லது உரோமத்தின் வேர் அறுபடும். மென்மையாய் வழித்தால் கொழுப்பு தங்கி அழுகும். பிறகு உப்பும் படிகாரமும் கரைத்த நீரில் பல நாள்கள் ஊறல். அதன்பின் அலசி, எண்ணெயோ முட்டையின் மஞ்சட்கருவோ தேய்த்து, காயக் காய மரத்தின் விளிம்பில் இழுத்து இழுத்து நெகிழ்த்த வேண்டும். அந்த ஈரப்பதத்தைத் தவறவிட்டால் தோல் பலகைபோல் விறைத்துவிடும். நாள் முழுதும் இழுத்தவரின் தோள்பட்டை மறுநாளும் வலிக்கும். நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

படிகாரத்திற்குப் பதிலாக அந்த விலங்கின் மூளையையே குழைத்துத் தேய்க்கும் முறையும் மிகப் பழையது. ஒவ்வொரு விலங்குக்கும் அதன் தோலைப் பதனிடப் போதுமான மூளை இருக்கிறது என்று வட அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. முதன்முறை கேட்பவர் முகம் சுளிக்கலாம். ஆயினும் கொன்ற உயிரில் எதையும் வீணாக்காத ஒரு வாழ்க்கை முறை அந்தச் சொல்லுக்குப் பின்னே இருக்கிறது. விலை போகாத ஆட்டுத்தோல்கள் குப்பையோடு குப்பையாய்ப் புதைக்கப்படும் இக்காலத்தில் அதை எண்ணி நாம் முகம் சுளிக்கத் தேவையில்லை.

இவ்வாறு பதனிட்ட தோலில் எல்லாம் எஞ்சியிருக்கும். முள் கிழித்த தழும்பு இருக்கும். உண்ணி கடித்த இடம் இருக்கும். முதுகின் கருமையும் வயிற்றின் வெண்மையும் இருக்கும். சுழி பார்த்து மாடு வாங்கும் நம் உழவர்களுக்கு இது நன்கு விளங்கும்: அந்தச் சுழிகூட இருந்த இடத்திலேயே இருக்கும். பதனிட்டவர் அதைக் குட்டியாய் இருந்த நாளிலிருந்து அறிந்தவராயின், தாம் உறங்கும் விரிப்பு எந்த உயிர் என்பதை மறக்க அவரால் இயலாது.

தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில், ஆதாமுக்கும் ஏவாளுக்கும் ஆண்டவர் தோலாடை செய்து உடுத்தினார் என்று வாசிக்கிறோம். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நீசா நகர் கிரகோரியார், இறந்த விலங்கினின்றே தோல் வருகிறது என்பதைச் சுட்டி, அந்த ஆடையில் மனிதன் அணிந்துகொண்ட சாவுக்குரிய தன்மையைக் கண்டார். அவர் உருவகமாய்ச் சொன்னதைக் குளிர்நாட்டு உழவர் உருவகமின்றியே அறிவார். தம் உடலின் வெம்மை இன்னோர் உயிரின் சாவிலிருந்து வந்தது என்பதை ஒவ்வோர் இரவும் தொட்டு அறிகிறவருக்கு விரிவுரை தேவையில்லை.

இதனால் உரோமம் எப்போதும் உண்மையையே பேசும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தன் கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலைப் போர்த்திக்கொண்டு பார்வை மங்கிய தந்தையை ஏமாற்றிய யாக்கோபை நாம் அறிவோம். (அன்றே அடித்த குட்டிகளின் பச்சைத் தோல் அது. முதியவர் ஈசாக்கு கையைத் தடவினார். ஆனால் முகர்ந்ததோ ஏசாவின் ஆடையை. தோலை முகர்ந்திருந்தால் மீட்பு வரலாறு வேறு வழியில் சென்றிருக்குமோ என்று குருமடத்து நாள்களில் விளையாட்டாய்ப் பேசிக்கொண்டதுண்டு.) பழைய மாளிகைச் சுவர்களில் வாய் பிளந்து தொங்கிய புலித்தோல்களும் உரோமம் களையாதவையே. அவை புலியை நினைவூட்டத் தொங்கவிடப்பட்டவை அல்ல. சுட்டவரை நினைவூட்டவே தொங்கின. தவசிகளின் மான்தோல் இருக்கையில் வேறொரு பொருள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தவத்தின் அடையாளமான அந்தத் தோல் நாளடைவில் வீட்டு அலங்காரமாகிக் கடைப்பொருளும் ஆனது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிட்டால் நம் காடுகளில் மானும் புலியும் இந்த அளவேனும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. உரோம ஆடைக்காகவே கூண்டில் அடைத்து வளர்க்கப்படும் மிங்க் விலங்குகளின் கதையும் இத்தகையதே. அங்கே உரோமம் இருக்கிறது, நினைவு இல்லை.

ஆகவே உரோமத்தை வைத்திருப்பதில் மட்டும் அறம் அடங்கியிருக்கவில்லை. அப்படியானால் வேறு எதில் அடங்கியிருக்கிறது? அந்தத் தோல் மென்மையாகும்வரை அதன் நாற்றத்தைச் சுமந்தவர் யார் என்பதில்தான் அது இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், கொல்பவனையும் வாங்கி உண்பவனையும் பிரித்துப் பார்க்க மறுக்கிறார். உண்போர் இல்லையேல் விற்போரும் இலர் என்பது அவர் வாதம். புலாலுக்குச் சொன்னது தோலுக்கும் பொருந்தும். ஆனால் மனிதச் சமூகம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. மென்மையைத் தனக்கு வைத்துக்கொண்டு, நாற்றத்தைச் சிலருடைய பிறப்போடு கட்டிவைத்தது. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளியிருக்க வேண்டும், அதுவும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று யூதர்களின் மிஷ்னா விதித்தது. தோல் பதனிடுபவனின் மனைவி மணவிலக்குக் கோரினால் கொடுக்குமாறு அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்றும் அது கூறியது. மணக்கும் முன்பே அவள் அவன் தொழிலை அறிந்திருந்தாலும், தாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன், இப்போது முடியவில்லை என்று அவள் சொல்லலாமாம்.

இப்பின்னணியில் திருத்தூதர் பணிகளைப் படித்தால் ஒரு சிறு குறிப்பு நம்மை நிறுத்தும். பேதுரு யோப்பாவில் பல நாள்கள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். அந்த வீடு கடலோரம் இருந்தது என்பதையும் நூலாசிரியர் மறவாமல் சொல்கிறார். தூய்மையற்றது என்று எதையும் சொல்லாதே என்ற குரலைப் பேதுரு கேட்டது அந்த வீட்டின் மேல்தளத்தில்தான். கீழே தொட்டிகளில் தோல்கள் ஊறிக்கொண்டிருந்திருக்கலாம். செசரியாவிலிருந்து கொர்னேலியுவின் ஆள்கள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே, அந்த நாற்றத்தில் நாள்கணக்கில் உண்டு உறங்கியதால் பாடத்தில் பாதியைப் பேதுரு கற்றிருப்பார் என்று நாம் கருதுகிறோம்.

நம் நாட்டில் இத்தொழிலைச் செய்தோர் பட்டபாடு விளக்க வேண்டாதது. செத்த மாட்டை அப்புறப்படுத்தியவருக்கும் உரித்தவருக்கும் பதனிட்டவருக்கும் ஊருக்குள் இடமில்லை. அவர்கள் செய்த செருப்புக்கு மட்டும் இடமிருந்தது. திருமுழுக்குப் பெற்ற பின்னும் அவர்களுடைய கல்லறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சில ஊர்களில் எழுந்து நின்றன. நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் பறைக்குத் தோல் கட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். உரோமத்தை வழித்துத் தோலை விறைப்பாய் இழுத்துக் கட்டுவது அவர் வேலை. அந்த வழியே செல்வோர் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பற்றி ஒருமுறை கேட்டோம். “நாத்தத்துக்குப் பயந்தா சத்தம் வராது சாமி” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். திருவிழாவில் அந்தப் பறையின் முழக்கத்திற்கு எல்லாத் தெருவும் கூடியது.

பிற்காலத்தில் நாற்றம் சாதியோடு நிற்காமல் ஆற்றிலும் இறங்கியது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் கெட்டது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தோலால் ஆன காலணியை வெளிநாட்டில் அணிந்து நடந்தவருக்கு அந்தக் கிணற்று நீரின் சுவை தெரிய வழியே இல்லை.

இதற்கு மாற்றாக எல்லாரும் வீட்டிலேயே தோல் பதனிடலாம் என்று சொல்ல வரவில்லை. சென்னையின் அடுக்குமாடியில் ஒருவர் அதைத் தொடங்கினால் மறுநாளே அண்டை வீட்டார் காவல்நிலையத்தில் இருப்பர். உப்பும் படிகாரமும் கரைந்த நீரைத் தோட்டத்தில் கொட்டினால் மண் கெடும். ஆனால் கொல்வது, உரிப்பது, வழிப்பது, போர்த்துக்கொள்வது ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தின் கைகளுக்குள் நிகழும்போது அளவு என்பது தானாகவே வந்துவிடுகிறது. ஒரு தோலை நெகிழ்த்தவே இத்தனை நாள் ஆகும் என்றால் நூறு தோலுக்கு யார் ஆசைப்படுவார்?

தொலைவிலிருந்து காட்டும் இரக்கமும் சில நேரம் இதே பிழையைச் செய்கிறது. கனடாவின் வடகோடியில் வாழும் இன்யுவிட் மக்கள் கடல்நாயை, அதாவது சீலை, வேட்டையாடி அதன் இறைச்சியை உண்டு, தோலை உடுத்துகிறார்கள். உரோமம் களைந்த தோலில் செய்த காலணிக்குள் நீர் புகாது; களையாத தோலில் செய்ததில் குளிர் புகாது. இரண்டும் அவர்களுக்கு வேண்டும். பனித்திட்டில் வெண்ணிறக் குட்டிகள் அடித்துக் கொல்லப்படும் படங்களைக் கண்டு ஐரோப்பா கொதித்தெழுந்தது. 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அக்குட்டிகளின் தோலுக்குத் தடை விதித்தது. இன்யுவிட் மக்கள் பெரும்பாலும் வேட்டையாடியது அந்தக் குட்டிகளை அல்ல. வளர்ந்த வேறு வகைக் கடல்நாய்களை. அவர்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டிருந்தது. எனினும் கடல்நாய்த் தோல் என்றாலே வாங்குவோர் அஞ்சியதால் சந்தை சரிந்தது. தோட்டாவுக்கும் எரிபொருளுக்கும் தோலை விற்றே பணம் கண்ட குடும்பங்கள் வறுமையில் விழுந்தன. 2009இல் தடை இன்னும் விரிந்தபோதும் இதுவே நேர்ந்தது. இன்யுவிட் பெண்மணி அலெத்தியா அர்னாக்குக் பரில் 2016இல் ஓர் ஆவணப்படம் எடுத்துத் தம் மக்களின் நியாயத்தை எடுத்துரைத்தார். தடைக்காகக் குரல் கொடுத்தவர்களின் மனச்சான்றை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அவர்களுள் எத்தனை பேர் அன்று தோற்காலணி அணிந்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அம்மக்களிடையே ஒரு பழைய வழக்கம் இருந்ததை இனவரைவியலார் பதிவு செய்துள்ளனர். கொன்ற கடல்நாயை வீட்டுக்குக் கொண்டு வந்ததும், உரிப்பதற்கு முன் அதன் வாயில் சிறிது நன்னீர் ஊற்றுவார்கள். உவர்நீரில் வாழும் அதற்கு எந்நாளும் தாகம் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வரவேற்கப்பட்ட விருந்தாளிபோல் அதன் ஆன்மா திரும்பிச் செல்லும் என்றும் எண்ணினார்கள். பல வீடுகளில் அந்த நீரை ஊற்றியவள் வீட்டுத்தலைவி. ஊற்றி முடித்த பின் அவள்தான் உலு என்னும் பிறைவடிவக் கத்தியை எடுத்துக்கொண்டு தோலின் அருகே அமர்வாள்.