வாள் யார் கழுத்துக்கு?

2020 அக்டோபரில், மன்ஹாட்டன் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சிறு பூங்காவில் ஏழடி உயர வெண்கலச் சிலை ஒன்று வைக்கப்பட்டது. லூச்சியானோ கர்பாத்தி வடித்த, கிரேக்கப் புராணத்து மெதூசா. கூந்தலெல்லாம் பாம்பு; ஒரு கையில் வாள், மறு கையில் பெர்சியூஸின் வெட்டுண்ட தலை. திரைப்படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பாலியல் குற்றவாளி என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பானது அந்த நீதிமன்றத்தில்தான். கதையில் தலையை இழந்தவள் கையில் இப்போது கொன்றவன் தலை. பலர் நெஞ்சு குளிர்ந்தார்கள். சிலர், ஏன் பெர்சியூஸ் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் பக்கமே நியாயம். அந்த வாள் தவறான கழுத்தில் இறங்கியிருக்கிறது.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதைப் பார்க்கலாம். பெண் தெய்வம் அத்தீனாவின் கோயிலுக்குள் மெதூசாவைச் சீரழித்தவன் கடல் தெய்வம் போசைடன். அத்தீனா முகத்தைத் திருப்பிக் கேடயத்தால் கண்ணை மறைத்துக்கொண்டாள். குற்றம் தண்டனையில்லாமல் போகக் கூடாது என்று அவள் மாற்றியது மெதூசாவின் கூந்தலை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அகலிகை கதையில் கௌதமன் சாபம் இந்திரனையும் விடவில்லை. போசைடன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்பல்லோடோரஸ் தரும் கதையில், தூங்குகிறவளை வெட்டிய பெர்சியூஸின் கையை வழிநடத்தியவளும் அத்தீனாதான். ஈஸ்கிலஸின் நாடகத்தில் பழிவாங்கலை நிறுத்தி முதல் நீதிமன்றம் அமைக்கிறவளும் அவளே. அங்கேயும், தன்னைப் பெற்ற தாய் இல்லை, தான் ஆண் பக்கம் என்று சொல்லியே தாயைக் கொன்றவனுக்கு வாக்களிக்கிறாள். நீதியின் பெயரால் வரும் எல்லாம் நீதியாகிவிடாது.

பெர்சியூஸ் குற்றமற்றவன் அல்லன். ஆனால் அவன் புறப்பட்ட காரணத்தை மறக்கலாமா? அவன் தாய் டானேயை அடையத் துடித்த மன்னன் பாலிடெக்டிஸ், மகனை ஒழித்துக்கட்டவே மெதூசாவின் தலையைக் கொண்டுவரச் சொன்னான். தவறு செய்தவனுக்கும் தீங்கு அடைந்தவனுக்கும் இடையில் குலைந்த சமநிலையைச் சரிசெய்வதே நீதி என்கிறார் அரிஸ்டாட்டில். செய்தவனை விட்டுவிட்டு எட்டிய கழுத்தை வெட்டினால், அத்தீனா செய்ததையே நாமும் செய்கிறோம். வலியவனைத் தொட அஞ்சி அருகில் நிற்பவனைப் பிடிக்கும் பழக்கத்தைக் கோயிலிலும் அனுமதிக்கக் கூடாது, கலையிலும் அனுமதிக்கக் கூடாது.

சிலை ஒரு குறியீடு, வழக்குக் குறிப்பு அல்ல என்பார்கள். அதைப் பார்த்து ஆறுதல் அடைந்த பெண்களின் கண்ணீர் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. மூலக் கதையே ஒன்றல்ல என்றும் சொல்லலாம்: கிரேக்கக் கவிஞர் ஹெசியடோ போசைடன் செய்ததை வன்முறை என்றே சொல்லவில்லை. வசந்தப் பூக்கள் நிறைந்த புல்வெளியில் போசைடன் அவளோடு படுத்தான், அவ்வளவுதான். ஆனால் குறியீடு ஆயிரம் பேர் மனத்தில் பதிகிறது. அதனாலேயே அதற்குக் கூடுதல் நேர்மை வேண்டும்.

ஓவிடிடம் அந்த நேர்மை இருந்தது. மெதூசாவின் கதையை அவர் காவியத்தில் சொல்பவன் கொலைகாரன் பெர்சியூஸ்தான், தன் கல்யாண விருந்தில், ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக. மெதூசா ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அதே காவியத்தில் பின்னால் அராக்னி என்ற நெசவுக்காரி தறியில் உட்காருகிறாள். தெய்வங்கள் பெண்களுக்குச் செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாக நெய்கிறாள். போசைடனும் மெதூசாவும் அதில் உண்டு. அத்தீனாவால் அந்தத் துணியில் ஒரு பிழை காண முடியவில்லை. துணியைக் கிழித்தாள். பிறகு கையிலிருந்த மர நாடாவால் அராக்னியின் நெற்றியில் மூன்று, நான்கு முறை அடித்தாள்.