இருபது நிமிடத்தில் நம்பிக்கை பிறக்குமா?

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் பலருடைய மனத்தையும் புண்படுத்தியது. வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், ஓட்டம் ஆகிய ஐந்தும் அன்று நவீன ஐம்போட்டியில் அடங்கியிருந்தன. மகளிர் பிரிவில் முன்னணியில் நின்ற ஜேர்மன் வீராங்கனை ஒருவர் ‘சென்ற் போய்’ என்ற குதிரையில் ஏறினார். குதிரையோ தடைகளைத் தாண்ட மறுத்தது. அவர் கண்ணீர் வடித்தபடியே சவுக்கால் அடித்தார்; குதிரை இணங்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் இன்னும் அடிக்கும்படி கூவியதோடு, தாமும் கைமுட்டியால் அதனைக் குத்தினார். மறுநாள் அவர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். வீராங்கனைக்கு அச்சுற்றில் ஒரு புள்ளிதானும் கிடைக்கவில்லை.

நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையன்றி வேறு குதிரைகளை அதிகம் கண்டறியாத நமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். இச்சம்பவத்தில் நம் எல்லோரையும் தொடும் ஒரு கேள்வி உண்டு. கீழ்ப்படியும்படி கட்டளையிடலாம், நம்பும்படி கட்டளையிட முடியுமா?

அவ்விருவரையும் கண்டிப்பது இலகு. ஆனால் அப்போட்டியின் விதியையும் நோக்கவேண்டும். குதிரைகள் போட்டியாளருக்குச் சொந்தமானவையாக இருக்கவில்லை. முன்பின் அறியாத குதிரையொன்று சீட்டுக் குலுக்கி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழகிக்கொள்ள 20 நிமிடம் மாத்திரமே இருந்தது. அதே குதிரை அன்று ஏற்கெனவே வேறொரு வீராங்கனையோடும் முரண்டு பிடித்திருந்தது. ஆண்டுக்கணக்கில் வளரவேண்டிய ஒன்றை இருபது நிமிடத்தில் எதிர்பார்த்ததே மூலத் தவறு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குடன் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டுவிட்டது.

தடை தாண்டக் கற்பிக்கும் நல்ல ஆசிரியர் எடுத்த எடுப்பில் உயரத் தடையை வைப்பதில்லை. முதலிலே நிலத்தில் கிடத்திய கம்புகளின் மேலாகக் குதிரையை நடத்துவார். பின்னர் இரு கம்புகளைக் குறுக்காகச் சாத்தி, நடுவில் முழங்காலளவும் உயராத சிறு தடையை அமைப்பார். அது பழகியபின்பே உயரம் ஏறும். புதிதாகக் கற்பவரைக் கடிவாள வாரில் தொங்கவிடாது, குதிரையின் கழுத்தில் கட்டிய பட்டியையோ பிடரி மயிரையோ பற்றிக்கொள்ளும்படி சொல்வார். ஏனெனில் குதிரையின் வாய் மிக மென்மையானது. அது தாவும்போது மேலிருப்பவர் தடுமாறி வாரை இழுத்தால், தாவியதற்குக் கூலியாக அதற்குக் கிடைப்பது வேதனை. இரண்டு தடவை அவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் தடவை அது நின்றுவிடும். அதைப் பிடிவாதம் என்போமா? அனுபவம் கற்பித்த பாடம் என்பதே பொருந்தும்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. தன் மூக்கின் முன்னே மிக அண்மையில் உள்ளதை அதனாற் காண இயலாது. ஆகவே தடையை நெருங்கித் தாவும் அந்தக் கணத்தில், தொலைவிலே கண்டதை நினைவிற் கொண்டு, முதுகில் இருப்பவரை நம்பியே அது எழும்புகிறது.

இதனை உணர்ந்தவர்களுள் ஒருவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெடரிக்கோ கப்ரில்லி (1868–1907). அவர் காலத்தில் தடையைத் தாண்டும்போது பின்புறம் சாய்ந்து வாரை இழுத்துப் பிடிப்பதே முறையாயிருந்தது. ஆளில்லாத குதிரைகள் எவ்வாறு தாமாகவே தாவுகின்றன என்பதை அவர் கூர்ந்து கவனித்தார். குதிரையைத் தம் விருப்பப்படி வளைப்பதைவிட, அதன் அசைவோடு தாம் முன்சாய்ந்து இசைந்து செல்வதே நன்று எனக் கண்டார். இன்று உலகெங்கும் தடை தாண்டுவோர் பின்பற்றுவது அவர் வகுத்த வழியையே. ஆளவேண்டியவர் முதலில் மாணவரானார். அதன் பின்னரே ஆள அறிந்தார்.

அப்படியானால் அதிகாரமே வேண்டாமா? அவ்வாறன்று. எங்கே போவதென்று தீர்மானிக்காமல் தயங்கும் வீரன் குதிரையையும் கலங்கச் செய்வான். குதிரைக்குக் கடிவாளம் வேண்டும் என்பதைச் சங்கீத ஆசிரியரும் அறிந்திருந்தார். வழிகாட்டுவது ஆள்பவரின் கடமை. ஆனால் நம்பிக்கையைப் பெற்றவருக்கு உரிமை கூடுகிறது என எண்ணுவது தவறு. அவருக்குக் கடனே கூடுகிறது. முழுமையாக நம்பும் குதிரை, தாண்டக்கூடாத தடையையும் தாண்டும். கால் நொந்தாலும் ஓடும். மறுக்கும் குதிரை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. மறுக்காத குதிரையைக் காக்கவேண்டியவர் அதன் மேலிருப்பவரே. அவர் அந்த நம்பிக்கையைத் தம் பதக்கத்துக்காகச் செலவிட்டால், சவுக்கைத் தொடாமலே கொடுமை செய்தவராவார். விலங்குகளை வீணாக வதைப்பது மனித மாண்புக்கே முரணானது என 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது.

எண்ணாகமத்தில் பாலாமின் கழுதையை நாம் அறிவோம். மூன்று தடவை அது வழிமறுத்தது. மூன்று தடவையும் பாலாம் அதை அடித்தான். வாளேந்தி வழியில் நின்ற தேவதூதனைத் தீர்க்கதரிசி காணவில்லை, கழுதை கண்டது. தன்னை ஏளனஞ் செய்ததென அவன் எண்ணி அடித்த பிராணியே அவனுடைய உயிரைக் காத்தது.

நம் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் பங்குகளிலும் இதுவே நடைபெறுகிறதல்லவா? கணக்குப் பாடமென்றதும் நடுங்கும் பிள்ளையை, “பிடிவாதம்” என்று அடிக்கிறோம். முன்னர் பிழைவிட்டபோது வகுப்பின் முன்னே நாம் அவனை ஏளனஞ் செய்ததை மறந்துவிடுகிறோம். ஆண்டு முழுவதும் பேசிப் பழகாத தந்தை, பரீட்சை முடிவு வந்த ஒரு மாலைப்பொழுதில் மகன் தன் மனத்தைத் திறக்கவேண்டுமென எதிர்பார்க்கிறார். அதுவும் இருபது நிமிட நம்பிக்கைதான். மறுபுறம், நம் சொல்லைத் தட்டாத பிள்ளைமேல் நம் நிறைவேறாத ஆசைகளையெல்லாம் ஏற்றிவிடுகிறோம். அது தாங்குமா என்று கேட்பதில்லை.

எருசலேமுக்குள் பவனியாகச் செல்ல ஆண்டவர் தெரிந்துகொண்டது எவரும் அதுவரை ஏறியிராத ஒரு கழுதைக்குட்டி. மக்கள் ஆர்ப்பரித்தார்கள், பாதையெங்கும் மேலாடைகளும் இலைக்கிளைகளும் கிடந்தன. பழக்கப்படாத குட்டி மிரளுவதற்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. ஆனாலும் அது அவரைச் சுமந்து சென்றது. அவர் கையில் சவுக்கு இருந்ததாகச் சுவிசேஷகர் எவரும் எழுதவில்லை.

நமது பொறுப்பில் உள்ள ஒருவர் நம் முன்னே தயங்கி நிற்கும்போது, கையை ஓங்குமுன் நம்மையே ஒரு கேள்வி கேட்போம்: இவர் காண்பதும் நான் காணாததும் என்ன?