சுடாத நெற்றி

உடம்பு சரியில்லை என்றால் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தில் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. சுடவில்லை என்றால் நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஈரல் சுருங்கிப்போனவர்களிடம் இந்த அனுபவம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. சிரோசிஸ் என்னும் இந்த ஈரல் சுருக்க நோய் முற்றி மருத்துவமனையில் சேர்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும்போதே கிருமித்தொற்று இருக்கிறது, அல்லது படுக்கையில் கிடக்கும்போது வந்து சேர்கிறது. ஆனால் பலருக்குக் காய்ச்சல் அடிப்பதில்லை. வீங்கிய மண்ணீரல் ரத்த அணுக்களைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதால், ஏறியிருக்க வேண்டிய வெள்ளணுக் கணக்கும் சரியான அளவு போலவே காட்டக்கூடும். நார்மல் என்று அச்சான அந்தத் தாளை வீட்டார் நிம்மதியாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

நோயெதிர்ப்புச் செல்கள் ஓய்ந்துவிட்டதால்தான் இந்த மௌனம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதைவிடச் சங்கடமானது. ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருவது. உணவின் சாரத்தோடு கிருமிகளின் சிதைவுகளும் அதில் சேர்ந்தே வரும். ஈரலின் நுண்குழாய்களில் ஒட்டியிருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கி, மற்ற உறுப்புகளுக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துவிடும். எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகாத பொறுமை ஈரலின் இயல்பு: 1969-ல் அறுவை மருத்துவர் ராய் கால்னின் குழு பன்றிகளுக்கு ஈரல் மாற்றியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்தில்லாமலே பல பன்றிகளின் உடம்பு அந்நிய ஈரலை ஏற்றுக்கொண்டது. தழும்பேறிய ஈரலிலோ ரத்தம் உள்ளே போக வழியின்றிச் சுற்றுப்பாதை தேடி, குப்ஃபர் செல்களைத் தொடாமலே போய்விடுகிறது. குடற்சுவரும் கசியத் தொடங்குகிறது. ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் ஓயாமல் உசுப்பப்படுகின்றன. சும்மா இருக்கும்போதே கொதிக்கும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நிஜமான பாக்டீரியா எதிரே வந்ததும் அதைச் சரியாக விழுங்க மாட்டாமல் நிற்கின்றன. மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களோ, பிடித்த கிருமியின் அடையாளத்தை மற்ற செல்களுக்குக் காட்டும் மூலக்கூறுகளையே குறைத்துக்கொள்கின்றன. தினமும் எல்லாவற்றுக்கும் பொங்கி, பொங்க வேண்டிய நாளில் சோர்ந்துபோகும் இந்தச் சுபாவம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை.

காய்ச்சல் சொல்லாததைச் சிலரிடம் மூளை சொல்லும். தொற்று கண்ட நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். நாக்கு குழறும், கை நடுங்கும், நடை தள்ளாடும். பார்க்கிற தெரு, ‘மறுபடியும் ஊத்திக்கிட்டான்’ என்று முடிவுகட்டும். குடியை விட்டு வருஷங்கள் ஆனவருக்கும் இதே தீர்ப்புதான். ஹெப்படைடிஸ் வைரஸாலோ, சர்க்கரை நோயோடு சேர்ந்து ஈரலில் படிந்த கொழுப்பாலோ நோய்ப்பட்ட, வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத பெண்கள்கூட இந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனம். ஏழைகள் படுத்திருக்கும் ஈரல் வார்டுகளை நடத்துவதும் அரசு. வெட்கத்தை மட்டும் முழுமையாக நோயாளியின் பங்குக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

மறைந்திருக்கும் தொற்றைக் கண்டுபிடிக்க, இந்த நோயாளிகளின் வயிற்றில் கோத்திருக்கும் நீரை ஊசியால் சிறிது எடுத்துப் பார்த்து, ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில்கள் 250-ஐத் தாண்டியிருந்தால், கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்குவது மருத்துவ நடைமுறை. சேர்ந்த அன்றே செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையும், காய்ச்சல்தான் இல்லையே என்ற எண்ணத்தில் தள்ளிப்போவதுண்டு. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி விஷயத்திலும் இதே சிக்கல்தான்: ஈரல் கெட்டவருக்குத்தான் அது மிகவும் தேவை, சிரோசிஸ் முற்றிய பிறகு போட்டாலோ களைத்த செல்கள் அதற்குப் போதிய எதிர்வினை காட்டுவதில்லை. ஆகவே நோயின் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும் என்கிறார்கள். தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு வலி எதுவும் இருப்பதில்லை. வலிக்காத உறுப்புக்காக டாக்டரிடம் போகும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. போக நினைப்பவரையும், அங்கே முதலில் என்ன கேட்பார்கள் என்ற எண்ணம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.