அலரும் அறத்தொடு நிற்றலும்

காதலைக் காதலர் சொல்வது வேறு. ஊர் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டை நம் அகத்திணை மரபு நன்குணர்ந்திருந்தது. காதலரின் இயற்பெயரைச் சுட்டாது பாடிய மரபு அது. ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியத் தூற்றுவதை அலர் என்றும் அது பிரித்துக் காட்டியது. ஒருவர் தம் நெஞ்சுக்குள் வைத்துப் போற்றும் அன்பை வெளிப்படுத்தும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாவை இளையோர்க்கான ஆங்கிலப் புதினம் ஒன்று நம் காலத்தில் மீண்டும் எழுப்பியுள்ளது.

அமெரிக்க எழுத்தாளர் பெக்கி ஆல்பர்ட்டாலியின் 'சைமன் வெர்சஸ் தி ஹோமோ சேப்பியன்ஸ் அஜெண்டா' 2015இல் வெளிவந்தது. கதை நிகழுமிடம் அட்லாண்டா நகரை அடுத்த கற்பனைப் புறநகர் ஒன்று. பள்ளி மாணவனான சைமன், அதே பள்ளியில் பயிலும் முகமறியாத இளைஞன் ஒருவனுடன் புனைபெயரில் மின்னஞ்சல் எழுதி, அவன்பால் காதல் கொள்கின்றான். பள்ளி நூலகக் கணிப்பொறியில் அவ்வஞ்சல்களைக் கண்டுவிட்ட மார்ட்டின், சைமனின் தோழி ஒருத்தியிடம் தான் நெருங்க உதவுமாறு அவனை மிரட்டுகின்றான். தன் எண்ணம் ஈடேறாதபோது, மாணவர் வம்பு பேசும் இணையப் பக்கத்தில் சைமனின் தன்பாலீர்ப்பைப் பறைசாற்றிவிடுகின்றான்.

பெற்றோர் சைமனைப் புறந்தள்ளவில்லை. அங்ஙனமாயின் மார்ட்டின் இழைத்த தீங்கு யாது? யாரிடம், எப்பொழுது, எவ்வாறு சொல்வது என்று தானே முடிவுசெய்யும் உரிமையை அவன் பறித்தான். விளைவு நன்றாக முடிந்தமையால் அப்பறிப்பு நன்றாகிவிடாது.

2018இல் இக்கதை 'லவ், சைமன்' என்னும் திரைப்படமாயிற்று. ஆசிரியரின் புகழ் பெருகியது. அப்புகழே அவருக்குச் சிற்றூராயிற்று. இத்தகைய காதலை எழுத இவருக்கு என்ன தகுதி என்று பலர் வினவினர். நெடுங்காலம் தம் கதையைப் பிறரே எழுதக் கண்டவர்களின் அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், தனியொருவரின் நெஞ்சைத் திறந்து காட்டுமாறு கேட்கும்பொழுது அந்நியாயம் எல்லை கடக்கின்றது. 2020 ஆகஸ்டில், தாம் இருபாலீர்ப்பு உடையவர் என்று அவர் அறிவித்தார்; இவ்வாறு வெளிப்படுத்த நேர்ந்தது தம் விருப்பப்படி அன்று என்றும் எழுதினார். சைமனுக்குக் கதையில் நேர்ந்தது, அவனைப் படைத்தவருக்கு வாழ்வில் நேர்ந்தது.

அவ்வாறாயின், மறைபொருளை ஒருபோதும் பிறர் உரைத்தலாகாதோ? அகப்பாடலில் தோழி உரைக்கின்றாள். தலைவியின் உளமறிந்து, அவள் நலம் கருதி, உரிய காலத்தில், உரியவராகிய செவிலியிடம் உரைக்கின்றாள். அதனை 'அறத்தொடு நிற்றல்' என்றனர் முன்னோர். செய்தி ஒன்றேயாயினும், உரியவரின் இசைவு இருப்பின் அறம், இன்றேல் அலர்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நம் சங்கமே ஓர் ஊர். விழாப் பந்தலில் ஒரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழும் பேச்சு, அப்பிள்ளை வீடு திரும்புமுன் பெற்றோர் செவியை எட்டிவிடும். நம் பிள்ளைகளுள்ளும் சைமனைப் போல் ஒருவர் இருக்கலாம். அவர் வாய் திறக்கும் நாள்வரை காத்திருப்பதும், திறக்கும் நாளில் செவிமடுப்பதும் நம் கடன். அலர் தூற்ற ஊரே உண்டு. தோழியாய் நிற்கத்தான் ஆள் வேண்டும்.