இரணைமடுவும் மூவகை அளவையும்

சைவாசிரியர்களே!

சமயம், அறம், உலகநடை ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்து ஆராயப் புகும் பல்கலைக்கழக மாணாக்கர் இக்காலத்து உளர். அவர்தம் ஆராய்ச்சிக்கு வித்திடுபவர் இளமையிற் கற்பித்த நீவிரே. அவ்வித்து யாதாதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

நம் சித்தாந்தம் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கும். மெய்ப்பொருளை உணர்தற்கு மாத்திரமோ இவை உரியன? இருவர்க்குள் வழக்கு நேர்ந்துழி, அறம் யாது எனத் தெளிதற்கும் இவையே கருவியாம். இதற்கு இரணைமடுவே சான்று.

கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற அக்குளம் வட மாகாணக் குளங்களுட் பெரியது. கிளிநொச்சி வயல்களுக்கு உயிர்நிலை. அதன் அணைக்கட்டை இரண்டடி உயர்த்தி, நீரில் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் ஒன்று, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010 இல் வகுக்கப்பட்டது. கிளிநொச்சி உழவர் அதற்கு உடன்பட்டிலர்.

உரையளவை ஒன்றையே பற்றிய மாணாக்கன் என் சொல்வான்? நீர் சிவபெருமானுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்று. திருவானைக்காவில் அவன் அப்புலிங்கமாய் எழுந்தருளியுள்ளான். தண்ணீர்ப்பந்தர் வைத்தல் சிவபுண்ணியம் என்பான். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அதே 2010 இல் தூய குடிநீரை மனிதவுரிமையாக ஏற்றது என்பான். ஆதலின் உழவர் அறம் பிழைத்தார் என முடிப்பான். அவன் காட்டிய உரைகள் மெய்யே. முடிபு மாத்திரம் பிழை. எவர் வயலின் நீரைக் கொண்டு எவர் தாகம் தணிப்பது என்பதை அவ்வுரைகள் கூறவில்லையே.

அவன் குளக்கட்டின்மீது நடந்து காணல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் நீர்மட்டம் தாழ, சிறுபோகம் சுருங்குதலைக் காண்பான். பின் யாழ்ப்பாணத்துக் கிணறுகளையும் காணல் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தினூடே உவரும், உரங்களினின்றும் மலக்குழிகளினின்றும் கசிந்த நைத்திரேற்றும் நன்னீரிற் கலத்தலை அறிவான். தாகமும் மெய், பசியும் மெய் என்பது அப்பொழுதே புலப்படும்.

அதன்பின் கருதுக. கட்டை உயர்த்தினால் வந்த நீரை மிகுதியாய்த் தேக்கலாம். வாராத மழையைத் தேக்கலாமோ? வறட்சியில் யார் முதற்கண் விட்டுக்கொடுப்பது? தன் கிணற்றைத் தானே கெடுப்பவனுக்குப் பிறன் குளத்தின்மேல் உரிமை எத்துணை? இவையே உண்மையான ஆராய்ச்சி வினாக்கள்.

இறுதியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது. வழக்கு அவ்வளவில் ஓய்ந்ததோ? எஞ்சிய உவர்நீர் கடலிற் சேர்தலால் தம் தொழிலுக்கு ஊறு நேருமென மீனவர் அஞ்சினர். ஆகவே மூவகை அளவையையும் அங்கே மீண்டும் செலுத்தல் கடன்.

ஆசிரியர்களே! தண்ணீர்ப்பந்தரின் சிறப்பை நீவிர் வகுப்பிற் கற்பிக்கும்பொழுது, அந்நீர் எங்கிருந்து வந்தது, அதனால் எவர்க்குக் குறைந்தது எனப் பிள்ளைகளை வினாவச் செய்யுங்கள். அங்ஙனம் வினாவிப் பழகிய பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தால், சிந்து நதி வழக்காயினும் காவிரி வழக்காயினும் தன் ஊரார் பக்கம் என்று சாயான். பிறர் பசியையும் தன் பசிபோல் எண்ணி அறம் உரைப்பான். உயிர்கள்மாட்டு இரக்கமின்றிச் சிவத்தை ஆராய்தல் எவ்வாற்றானும் கூடாதென்க.

திருவருள் முன்னிற்க.