கணித அரங்கில் மூன்று அளவைகள்

பல்கலைக்கழகக் கணிதத் துறை ஓர் ஆய்வுரைக்கு விடுக்கும் அறிவிப்பில் பேச்சாளர் பெயர், தலைப்பு, சில வரிச் சுருக்கம், நாள், நேரம், அறை இருக்கும். பேச்சு ஏறக்குறைய ஒரு மணி நேரம், முடிவில் கேள்விகள். கேட்டு எழுந்து போகிறவர்கள் ஒரு தேற்றத்தை அறிந்துகொண்டதாகச் சொல்வார்கள். அந்த அறிவு அவர்களுக்கு எந்த வழியாக வந்தது?

இந்தக் கேள்வியைச் சைவ சித்தாந்தம் கவனமாக ஆராய்ந்திருக்கிறது. அருளந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், சுபக்கம் என்னும் தன் பகுதியின் முகப்பிலேயே அளவையைப் பேசுகிறது. அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஆறென்றும் பத்தென்றும் எண்ணியவர்கள் உண்டு. சித்தாந்தம் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது: நேரில் கண்டறிவது, கண்டதைக்கொண்டு காணாததை உய்த்தறிவது, நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது.

மலேசியாவின் வட சிலாங்கூரில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுக்கும் இடத்திலேயே இம்மூன்றும் இருந்தன. வாளியின் எடையைத் தொழிலாளி கண்ணால் பார்க்கலாம்; அது காண்டல். ஆனால் பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவே தேறும். மாதிரிப் பாலில் மெட்ரோலாக் என்னும் மிதவையை இட்டு, அது காட்டும் அளவிலிருந்து உலர் எடையைக் கணக்கிடுவது கருதல். அந்தக் கணக்கு கிராணியின் (தோட்ட எழுத்தரின்) புத்தகத்தில் ஏறிய பிறகு தொழிலாளிக்குக் கிடைத்தது உரை மட்டுமே. எழுதப் படிக்கத் தெரியாதவர் அதை எப்படி மறுப்பார்? சொல்பவர் குற்றமற்றவராக இருந்தால்தான் உரை அளவையாகும் என்று சித்தாந்தம் வற்புறுத்துவதன் கனம் இங்கே தெரியும்.

அதே வட்டாரத்தில் இம்மூன்றையும் வேறோர் இடத்திலும் பார்க்கலாம். கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்திக் குன்று, ரமலான் பிறை பார்க்கும் அதிகாரபூர்வ இடங்களில் ஒன்று. சூரியன் மறையும் வேளையில் பிறை குறைந்தது 3 பாகை உயரத்திலும் சூரியனிலிருந்து குறைந்தது 6.4 பாகை விலகியும் இருக்க வேண்டும் என்பது மலேசியா, இந்தோனேசியா, புருணை, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் ஏற்ற இன்றைய அளவுகோல். மலேசியாவில் மேகம் மறைத்தாலும் இந்தக் கணக்கு நிறைவேறினால் மாதம் பிறக்கும். குன்றின்மேல் நடப்பது காண்டல். முன்பே போட்டு வைத்த கணக்கு கருதல். அன்றிரவு அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் அறிவிப்பது நாட்டுக்கு உரை.

கணித அரங்கில் கருதல் ஒன்றே ஆள்வதாகத் தோன்றும். நிரூபணம் கருதலின் முழு வடிவம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் அதை முழுதாக எழுதிக் காட்ட இயலாது. 'இது இன்னார் நிறுவியது' என்று பேச்சாளர் கடந்து போகும் ஒவ்வோரிடத்திலும் கேட்பவர் உரையையே ஏற்கிறார். 1993 ஜூனில் ஆண்ட்ரூ வைல்ஸ் கேம்பிரிட்ஜில் மூன்று நாள் பேசி, முடிவில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவித்தார். சில மாதங்களில் நிரூபணத்தில் ஓட்டை தெரிந்தது. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அது அடைபட்டது. அரங்கில் கைதட்டியவர்கள் அந்த இடைக்காலத்தில் தேற்றத்தை அறிந்திருந்தார்களா? சித்தாந்த நோக்கில் இல்லை; அவர்களிடம் இருந்தது குறையுள்ள உரை.

சைவ மறைநூலான ஆகமத்தின் உரையும் இந்தக் கணித உரையும் ஒன்றல்ல. காண்டலும் கருதலும் எட்டாத இடத்தில் ஆகமம் பேசுகிறது. அதனாலேயே அதற்கு மதிப்பு. கணித உரையோ கருதலாக மாற்றிக்கொள்ள முடிகிற வரைக்கும்தான் செல்லும். எந்த மாணவரும் கை உயர்த்தி ஒரு வரியை நிறுத்தி, 'இது ஏன்?' என்று கேட்கலாம். பேச்சைவிடக் கேள்வி நேரத்துக்கே அளவை நோக்கில் இடம் பெரிது.

1976இல் கென்னத் ஆப்பெலும் வொல்ஃப்காங் ஹாக்கனும் நான்கு நிறத் தேற்றத்தை நிறுவியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்களைக் கணிப்பொறி சரிபார்த்தது. பொறி தரும் முடிவு எந்த அளவையில் சேரும்? மூன்றும் கருவிகளே, உண்மையில் அறிவது ஆன்மாவின் சிற்சத்தி (அறிவாற்றல்) என்பது சித்தாந்தம். மெட்ரோலாக் ரப்பரை அறிவதில்லை, மெலாவத்தியின் தொலைநோக்கி மாதத்தை அறிவதில்லை, கணிப்பொறியும் அப்படியே. அதன் நிரலைப் படித்து, அது பிழைபடாத காரணத்தை உய்த்துணர்ந்தவரிடம்தான் அந்தத் தேற்றம் அறிவாகிறது. மற்றவர்களுக்கு அது இன்னும் உரையே.